பழைய மீட்டர்கேஜ் தடத்தில் சைக்கிள் விடலாமா? (பொள்ளாச்சி – உடுமலை பக்கம்)

முட்டிவலி | 4 ஜூன் 2023, காலை 7.15

வயது 52, ஊர் பெருந்துறை. டாக்டர் நடையைக் குறைத்துச் சைக்கிள் விடச் சொல்கிறார். ரோட்டில் விட்டால் டிப்பர் லாரி உரசிக்கொண்டு போகிறது. வெளிநாட்டில் ரயில் ஓடாத பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், வீடியோவில் பார்த்தேன். மேடும் இல்லை, லாரியும் இல்லை, ரெண்டு பக்கமும் தோப்பு. நம்ம கொங்கு பக்கம் அப்படி ஏதாவது உண்டா? பொள்ளாச்சி லைனில் பழைய தடம் சும்மா கிடப்பதாக ஒருத்தர் சொன்னார்.

இட்டேரி | 4 ஜூன் 2023, இரவு 9.40

இருக்கிறது. நானே விட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரைக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மீட்டர்கேஜை (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்) அகலப் பாதையாக மாற்றுவதற்காக வண்டியை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, அதன் அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு தடம் வெறும் மண்மேடாகக் கிடந்த காலம் அது. பல இடத்தில் ஜல்லியைக்கூட வாரிவிட்டார்கள். என்னிடம் இருந்தது கியர் இல்லாத பழைய அட்லஸ். காலை ஆறரைக்குப் பொள்ளாச்சியில் ஏறினேன், கோமங்கலம் வரும்போது ஏழரை, உடுமலையில் டீ குடிக்கும்போது ஒன்பது ஆகவில்லை. வழியில் ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. மேடே கிடையாது.

ரயில் தடம் அப்படித்தான் இருக்கும். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது பிடிப்பு குறைவு, நூறடிக்கு ஓரடி ஏறினாலே பாரம் இழுக்கும் இஞ்சினுக்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை மண்போட்டு நிரப்பித்தான் பாதை போடுவார்கள். ஊட்டி ரயில் கல்லாறு தாண்டிப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறுகிறது என்றால், நடுவில் பல் தண்டவாளம் வைத்து அதைக் கடித்துக் கடித்து ஏறுவதால்தான். சமவெளியில் அந்த வேலையே இல்லை.

உங்கள் முட்டிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. போய் வாருங்கள்.

இட்டேரி | 5 ஜூன் 2023, காலை 6.05

நேற்று எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். போக வேண்டாம்.

ராத்திரி ஞாபகத்தின் போக்கில் எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கத்தில் உறைத்தது. பழனி – பொள்ளாச்சி அகலப் பாதையில் 2015 ஜனவரியிலேயே ரயில் விட்டாயிற்று. பொள்ளாச்சி – பாலக்காடு அதே வருஷக் கடைசியில் வந்தது. போத்தனூர் – பொள்ளாச்சி 2017. நான் சைக்கிள் விட்ட மண்மேட்டின் மேலேதான் இன்றைக்கு ரயில் போகிறது. அதை ஒட்டிச் சைக்கிள் உருட்டினால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவு காத்திருக்கிறது. ஆறு மாதம் வரை உள்ளே, இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நான் செய்ததும் அத்துமீறல்தான். கேட்க ஆள் இல்லாததால் தப்பித்தேன்.

உங்களுக்குச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதையை அகலப்படுத்தும்போது வளைவை நிமிர்த்திய இடத்தில் பழைய மேடு துண்டாக ஒதுங்கி நிற்கும். அப்படி ஒன்று எனக்குத் தெரியும். என் எட்டுக்கு எழுநூறு எட்டு. ஊர் பெயரைச் சொல்லமாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனுஷன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் ஹெல்மெட்டோடு போய் நின்றால் அவரே நாயை அவிழ்த்துவிடுவார்.

இட்டேரி | 5 ஜூன் 2023, மதியம் 1.30

வீட்டில் விசாரித்தேன். அட்லஸ் இல்லையாம், மச்சானுடைய ஹீரோவாம். திருப்பியும் கொடுக்கவில்லையாம்.

இட்டேரி | 7 ஜூன் 2023, இரவு 10.20

"அவன் நாட்டில் மட்டும் எப்படி முடிகிறது" என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் நாட்டில் ரயில் செத்துப்போனது. முதல் காரணம் அதுதான்.

இங்கிலாந்தில் 1963-இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதையை மூடினார்கள். கார் வந்துவிட்டது, கிளை லைன்களில் ஏற ஆள் இல்லை. அப்படி விடுபட்ட பிரிஸ்டல் – பாத் தடத்தில் 1979-இல் ஆரம்பித்து 1986-க்குள் சைக்கிள் பாதை போட்டார்கள், 21 கிலோமீட்டர். முதலில் மண்வெட்டியோடு இறங்கியவர்களில் தன்னார்வலர்கள் நிறையப் பேர். நியூசிலாந்தில் ஒடாகோ லைன் 1990-இல் நின்றது, 2000-இல் 152 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடமாகத் திறந்தார்கள். இன்றைக்கு அந்த வழியில் உள்ள சின்ன ஊர்களில் டீக்கடையும் தங்குமிடமும் சைக்கிள்காரனை நம்பித்தான் நடக்கின்றன.

நம் பக்கம் கதையே வேறு. இங்கே மூடிய லைனெல்லாம் அகலப்படுத்துவதற்காக மூடியது. 1992-இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவெடுத்தார்கள், ஒரு மீட்டர் இருந்த இடத்தில் 1676 மில்லிமீட்டர் வந்தது. போத்தனூர் – பொள்ளாச்சி 1915-இல் போட்டது, திண்டுக்கல் – பொள்ளாச்சி 1928, பாலக்காட்டுப் பக்கம் 1932. இந்த மூன்றில் எதையுமே ஜனங்கள் கைவிடவில்லை. வண்டி நின்ற நாளிலிருந்து மறுபடி எப்போது விடுவீர்கள் என்று மனு மேல் மனு கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆகவே முட்டிவலி அண்ணா, நீங்கள் தேடுவது சாவு வீட்டில் கிடைக்கிற சாமான். நம் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை.

இட்டேரி | 8 ஜூன் 2023, காலை 8.00

சாவு வீடு என்று எழுதியதற்கு ஒருத்தர் கோபித்துக்கொண்டார். சரி, உவமை கொஞ்சம் தடித்துவிட்டது. விஷயம் அதுவேதான்.

இட்டேரி | 11 ஜூன் 2023, மாலை 5.45

நிஜமாகவே செத்த லைன் ஒன்று உண்டு என்று ஒரு நண்பர் ஞாபகப்படுத்தினார். மொரப்பூர் – தர்மபுரி. 1906-இல் போட்ட குறுகிய பாதை, அகலம் 762 மில்லிமீட்டர். பிற்பாடு ஓசூர் வரை நீட்டினார்கள். யுத்த காலத்தில், 1941-இல், நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் புதுப் பாதை என்று 2019-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், 36 கிலோமீட்டர். ஆக எண்பது வருஷத்துக்கு முன்னால் செத்ததுகூட எழுந்து உட்காரப் பார்க்கிறது.

தர்மபுரி கொங்கா என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அது தகடூர், அதியமான் ஊர், அவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள், நம்மைக் கேட்டால் ஒன்று சொல்வோம். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் ரெண்டு பக்கமும் ஒரே சாம்பார்தான்.

நான் போனதும் ஒரு கல்யாணத்துக்குத்தான். முகூர்த்தம் முடிந்து மதியம் வரை நேரம் இருந்தது, பழைய லைன் எந்தப் பக்கம் போனது என்று விசாரித்தேன். எண்பது தாண்டிய ஒரு தாத்தா வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, ராகிக் கொல்லையைக் கை காட்டினார். "இதுல போச்சுன்னு எங்கப்பன் சொல்லுவாரு." கணக்குப் போட்டால் வண்டி நிற்கும்போது அவருக்குத் தவழும் வயசு. எண்பது வயசுக்காரருக்கே கேள்வி ஞானம் என்றால் தடம் எங்கே மிஞ்சும்? கொல்லையில் உழவு ஓட்டியிருந்தார்கள். சைக்கிளுக்கு இடமில்லை, ஏருக்கு இருந்தது.

இட்டேரி | 24 ஜூன் 2023, இரவு 11.10

சைக்கிளைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர் உடுமலைக்குக் கிழக்கே. மைவாடி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, இட்டேரியில், அதாவது ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடத்தில், அரை மணி நடக்க வேண்டும். (எனக்கு இந்தப் பெயர் வந்த வழியும் அதுதான். பாம்பு கிடக்கும் என்று சொல்லி எங்களை நடுவில் நடக்கவிட்டு அப்புச்சி தடியைத் தட்டிக்கொண்டே முன்னால் போவார்.) கோவையிலிருந்து போத்தனூர், செட்டிபாளையம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி என்று வண்டி ஆடிக்கொண்டே வரும். மீட்டர்கேஜ் பெட்டியில் எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அந்த நெருக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே முடிவாகியிருக்கிறது. ராமேஸ்வரம் போகிற வண்டியும் இதே லைனில்தான் போகும், தைப்பூசத்துக்குப் பழனி போகிற கூட்டமும் இதில்தான். மெதுவாகப் போகிறது என்று யாராவது முனகினால் அப்புச்சி சொல்வார்: "வேணும்னா எறங்கி ஒன்னுக்குப் போய்ட்டு வா கண்ணு, மறுக்கா ஏறிக்கலாம்."

நான் வெறும் தடத்தில் சந்தோஷமாகச் சைக்கிள் விட்ட அந்த வருஷம், அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) மாதம் ஒரு தடவை கோவை ஆஸ்பத்திரி. ரயில் இருந்தால் ஏறி உட்கார்ந்து சாய்ந்துகொண்டே வந்திருப்பாள். ரெண்டு பஸ் மாறி வந்தாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், உங்க ரயில் தடத்தில்தான் அமுச்சி போன வாரம் சைக்கிள் விட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "பூச்சி பொட்டு இருக்கும் சாமி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. 2015-இல் மறுபடி வண்டி வந்தபோது அவள் இல்லை.

இதை ஏன் எழுதினேன் என்றால், 7-ஆம் தேதி எழுதியதில் "ஜனங்கள் மனு கொடுத்தார்கள்" என்று ஏதோ பக்கத்து ஊர்ச் செய்தி மாதிரி எழுதியிருக்கிறேன்.

இட்டேரி | 19 ஜூலை 2023, இரவு 8.30

ஒரு மன்னிப்பு. பெரியது.

கோவைத் தம்பி ஒருவர் என் முதல் பதிவை நம்பி, தண்டவாளத்தை விட்டுவிட்டு அதை ஒட்டிய ஊர் ரோடுகள் வழியாகவே பொள்ளாச்சி – உடுமலை போயிருக்கிறார். போகும்போது சொர்க்கம். அதே வழியில் திரும்பியிருக்கிறார். "அண்ணா, மேடே இல்லைன்னு சொன்னீங்க. ஒன்பது கிலோமீட்டர்ல சைக்கிளைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுடலாம்னு ஆயிருச்சு" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி போனது ஆடி முதல் நாள். நான் போனதும் ஆடியில்தான், இப்போது நினைவு வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று, பொள்ளாச்சி உடுமலை பக்கம் எதிர்ப்பட்டதையெல்லாம் கிழக்கே தள்ளும். அந்தப் பக்கம் காற்றாலையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் எழுபது கிலோ ஆள் எந்த மூலைக்கு. என்னைத் தள்ளிக்கொண்டு போனது காற்று, நான் அதை ரயில் தடத்தின் மகிமை என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பும்போது நான் சைக்கிளைப் பஸ் மேலே கட்டி வந்துவிட்டேன், அதனால் மறுபக்கம் தெரியவே இல்லை.

இன்னொன்று. உடுமலை பொள்ளாச்சியைவிட எழுபது மீட்டர் போல உயரம். அதாவது அன்றைக்கு நான் மேடுதான் ஏறியிருக்கிறேன், ஏறியதே தெரியாமல். நானூறடிக்கு ஓரடி என்ற அளவில் பரப்பிக் கொடுத்தால் காலுக்குத் தெரியாது. இதில் மட்டும் தடத்துக்கு மரியாதை உண்டு.

ஆக, ஆனியிலிருந்து ஆவணி வரை இந்தப் பக்கம் சைக்கிள் விடுகிறவர்கள் கிழக்கே போய்விட்டுப் பஸ்ஸில் திரும்புங்கள். இல்லை, விடிகாலையில் மேற்கே போய்விட்டு வெயில் ஏறியதும் திரும்புங்கள். காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இட்டேரி | 20 ஜூலை 2023, காலை 7.10

தம்பி உயிரோடு இருக்கிறார், தொடைதான் பிடித்துக்கொண்டதாம். நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். ஏதோ ஸ்ப்ரே இருக்கிறதாம்.

இட்டேரி | 6 ஆகஸ்ட் 2023, இரவு 9.00

முட்டிவலி அண்ணா தனியாகக் கேட்டார்: "காற்றுக் கதை, கல்யாணக் கதை எல்லாம் சரி, நான் எங்கே சைக்கிள் விட?"

பெருந்துறையில் இருந்துகொண்டு ரயில் தடம் தேடுகிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கீழ்பவானி வாய்க்கால் போகிறது. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர். 1955-இல் வேலை முடிந்தது, பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பம்பு கிம்பு எதுவும் கிடையாது, தண்ணீர் தானாக நடந்து போக வேண்டும். அதனால் கரையின் வாட்டம் ரயில் தடத்தைவிட மென்மையாக இருக்கும். ரயிலாவது முக்கி முனகி மேடு ஏறும். தண்ணீர் ஏறுமா?

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கரையில் விடும்போது கவனித்தது. நிலத்தின் சரிவை அணைத்தபடியே வாய்க்கால் வளைந்து வளைந்து போகும். மேல் பக்கம் மேட்டுக்காடு, வேலமரம், செம்மறி ஆடு. கீழ்ப் பக்கம் நெல், மஞ்சள், கரும்பு, தென்னை. நடுவில் ஒரு கோடு மாதிரி வாய்க்கால். கீழ்க்கரையில் ஜீப் போகிற அளவுக்கு மண் ரோடு. ஒரே சைக்கிளில் உட்கார்ந்து இடக் கண்ணால் ஒரு ஊரையும் வலக் கண்ணால் வேறு ஊரையும் பார்க்கிற மாதிரி இருக்கும். ரயில் ஜன்னலில்கூட இது கிடைக்காது.

காளிங்கராயன் வாய்க்கால் இன்னும் பழசு. 1283-இல் முடித்தது என்பார்கள், பவானியில் ஆரம்பித்துக் கொடுமுடிப் பக்கம் ஆவுடையாபாறை வரை சுமார் 90 கிலோமீட்டர். பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழிகாட்ட, அது போன தடத்திலேயே வெட்டினார்கள் என்று கதை. அத்தனை வளைவு. வெள்ளைக்கார இஞ்சினியர் ரயிலுக்கு அளவுச் சங்கிலி பிடித்து நேர்க்கோடு போட்டான், காளிங்கராயர் பாம்பின் பின்னால் போனார். முட்டி வலிக்கு எது நல்லது என்று கேட்டால் நான் பாம்பு கட்சி. ஈரோட்டை ஒட்டிய பகுதியில் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்) காண்டூர் கால்வாய் ரொம்ப அழகாமே என்று ஒருத்தர். சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரை 49 கிலோமீட்டர், ஆனைமலைக் காட்டின் விளிம்பில் போகிறது. யானை, சிறுத்தை உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். திருமூர்த்திக்குக் கீழே தோட்டங்கள் வழியாகப் போகிற வாய்க்கால்கள் போதும்.

இட்டேரி | 7 ஆகஸ்ட் 2023, காலை 6.40

விட்டுப்போனது. கரை ஊர்ப் பொதுச் சொத்து மாதிரித் தெரிந்தாலும் அரசு இடம். லஸ்கர் வருவார், மதகு பார்ப்பவர். வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லி, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். அவரே எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே நாய் பொல்லாதது என்று சொல்லிவிடுவார். கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் ஓடும்போது கரையோரமாகச் சைக்கிள் விட்டுக்கொண்டே போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். நீச்சல் தெரிந்தவனையும் இழுக்கும்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. மரம் போனால் நிழல் போகும் என்பது மட்டும் சைக்கிள்காரனின் சுயநலம்.

இட்டேரி | 3 செப்டம்பர் 2023, இரவு 7.50

பதினொன்று.

இன்றைக்கு ஒரே டியூபில் பதினொரு ஓட்டை. வாய்க்கால் கரையைப் பற்றி அத்தனை எழுதிய நான் நெருஞ்சியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கரை மண் காய்ந்த இடத்தில் நெருஞ்சி தரையோடு தரையாகப் படரும். மஞ்சள் பூ, பார்க்க அழகாக இருக்கும், இறங்கிப் போட்டோகூட எடுத்தேன். அதன் காயில் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். முன் டயரில் நாலைந்து காய் ஒட்டிக்கொண்டு சுற்றியதைப் பார்த்ததும் அவசரப்பட்டுப் பிடுங்கினேன். அங்கேதான் தப்பு. முள் இருக்கும்வரை அதுவே ஓட்டைக்கு அடைப்பு. பிடுங்கினவுடன் ஸ்ஸ்ஸ். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வரிசையாக வந்தது, மீன் தொட்டி மாதிரி. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, உள்ள சல்லடையா போட்டிருக்கீங்க?" என்றார். ஒட்டுகிற கூலியில் புது டியூபே வந்துவிடும் என்று மாற்றிக்கொடுத்தார். போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார் பாருங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க ஓட்டினார். முள் முனை மிச்சம் இருக்கிற இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நின்றது. ஆறு முனை எடுத்தார். விரலால் தடவியிருந்தால் விரல் கிழியும், தடவாமல் போட்டிருந்தால் புது டியூபும் போயிருக்கும். முப்பது வருஷமாகச் சைக்கிள் விடுகிறேன், இது இன்றைக்குத்தான் தெரிந்தது.

டியூபுக்குள் ஊற்றுகிற பசை மருந்து இருக்கிறதே என்று எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். வாங்கி வீட்டில்தான் வைத்திருந்தேன்.

இட்டேரி | 12 நவம்பர் 2023, மதியம் 12.15

தீபாவளி. வெளியே மழை. எல்லோருக்கும் வாழ்த்து. போன வாரம் ரயில் தடத்துக்கு அடியில் போகிற சப்வே ஒன்றில் முட்டளவு தண்ணீர் என்று நினைத்து இறக்கினேன், இடுப்பளவு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அந்தப் பக்கம் மொபெட்டோடு காத்திருந்த அம்மா, "ஆழம் எம்புட்டுங்க?" என்று கேட்டார். என் பேண்டைப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார்.

இட்டேரி | 16 ஜனவரி 2024, இரவு 9.30

மாட்டுப் பொங்கல். முட்டிவலி அண்ணா நேரில் வந்தார், பொள்ளாச்சியில் அவருக்குச் சம்பந்தி வீடு. நவம்பரிலிருந்து வாய்க்கால் கரையில் வாரம் மூன்று நாள் விடுகிறாராம், ஒரு நடைக்குப் பதினான்கு கிலோமீட்டர். "அந்த எழுநூறு எட்டைக் காட்டுங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டார். கூட்டிப் போனேன்.

தென்னந்தோப்புக்குள் நுழைந்து, தேங்காய் மட்டை குவித்த களத்தைத் தாண்டினால் மேடு தெரியும். ஆள் உயரத்துக்குமேல் இல்லை. அதன் மேல் ஏறிவிட்டால் சைக்கிள் தானாக நேர்க்கோட்டில் நிற்கிறது, அகலம் அப்படி. மண்ணுக்குள் இன்னும் கருங்கல் ஜல்லி, எண்ணெய் குடித்த கறுப்பு நிறத்தில். பாதி தூரத்தில் ஒரு கல் பாலம், நடுவில் கருங்கல் வளைவு, அடியில் ஓடை. ஓடையில் தண்ணீர் இல்லை, ஒரு கன்றுக்குட்டி நிழலுக்குப் படுத்திருந்தது. பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருத்தி எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "அளக்க வந்தீங்களா? ரயிலு மறுக்கா இந்தப் பக்கம் வருதுங்களா?"

இல்லைங்க ஆத்தா, சும்மா சைக்கிள் விட என்றேன்.

"ரோடு இல்லையாக்கும் உங்கூர்ல?"

அண்ணா ஒரு முறை போய் வந்தார், மறுபடியும் ஒரு முறை போனார். எழுநூறு எட்டு, நாலு நிமிஷம். பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு அதிர்வு தெரிகிறதா என்று காலை வைத்துப் பார்த்தார். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் புது லைனில் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வந்தது.

இட்டேரி | 28 ஜனவரி 2024, மாலை 6.20

வரும்போது மறந்துபோன என் பம்பை எடுக்க இன்றைக்கு மறுபடி போனேன். மேட்டின் ரெண்டு முனையிலும் கம்பி வேலி போட்டாயிற்று. பொங்கலுக்குப் பிறகு போட்டதாம், மாடு ரயில் பக்கம் போய்விடுகிறது என்று. வேலிக்கு நட்டிருப்பது கல்தூண் இல்லை, அறுத்த தண்டவாளத் துண்டுகள். பம்பைத் தோட்டத்துக்காரரே எடுத்து வைத்திருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வந்த பெருந்துறைக்காரருக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இட்டேரி | 28 ஜனவரி 2024, இரவு 9.05

டயர் அளவு கேட்டவருக்கு: 26 இஞ்ச், 1.95 அகலம். காற்றை முழுக்க அடிக்காதீர்கள், கட்டை விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். பையில் ஒரு பிடி பஞ்சு.